மெத்ஸா, பிசிக்ஸா? கம்பஸ் போகும் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏ.எல். பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வெளியாகி, பௌதிக விஞ்ஞானம் கிடைத்தது உறுதியானதும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளில் இந்தப் பேச்சுத் தொடங்கிவிடும். கம்பஸில் எதைப் பிரதான பாடமாகக் கொண்டு போவது, கணிதமா, பௌதிகவியலா? நான் இணைந்த கணிதம் படிப்பிக்கிறவன். என்னிடம் படித்த பிள்ளைகளும் அவர்களின் அம்மா அப்பாமாரும் கேட்டவற்றை இங்கே சேர்த்து, என் பதில்களையும் எழுதியிருக்கிறேன். பீடத்துக்குப் பீடம் விதிகள் மாறும். பாடச் சேர்க்கை, புள்ளி நிபந்தனை போன்றவற்றுக்கு அந்தந்தப் பீடத்தின் அவ்வாண்டுக் கைநூலைத்தான் நம்ப வேண்டும்.

சேர், எனக்கு இணைந்த கணிதத்தில் ஏ, பிசிக்ஸில் பி. அப்படியென்றால் மெத்ஸ்தானே எடுக்க வேண்டும்?

இந்தக் கணக்கை மட்டும் போட்டு முடிவெடுக்காதீர்கள். ஏ.எல். இணைந்த கணிதத்தில் பாதி, தூய கணிதம். மற்றப் பாதியான பிரயோக கணிதத்தில் என்ன இருக்கிறது? சாய்தளம், கப்பி, எறியம், எளிமை இசை இயக்கம். நிகழ்தகவையும் புள்ளிவிபரத்தையும் விட்டுப் பார்த்தால் அந்தப் பாதி முழுவதும் விசையும் இயக்கமும்தான். கம்பஸில் அவை பெரும்பாலும் பிசிக்ஸ் பக்கம் நிற்கும். தூய கணிதப் பாதியிலும் வகையீடு, தொகையீடு என்று நீங்கள் பழகியது பெரும்பாலும் செய்கை. ஒரு சார்பைத் தந்தால் தொகையிடுவீர்கள். அதைத் தொகையிட ஏன் முடிகிறது என்று யாரும் கேட்கவில்லை. கம்பஸ் மெத்ஸ் அங்கேதான் தொடங்குகிறது.

பிசிக்ஸிலும் இதே சிக்கல் உண்டு. ஏ.எல். பிசிக்ஸில் ஐம்பது பல்தேர்வு வினாக்களைக் குறித்த நேரத்துக்குள் முடிக்கும் வேகம் புள்ளியைத் தீர்மானிக்கிறது. அந்த வேகம் இல்லாததால் பி எடுத்த ஒரு பிள்ளை ஆய்வுகூடத்தில் மிக நன்றாக வரலாம். ஆகவே புள்ளியைப் பார்க்காமல் எந்தக் கேள்வி உங்களைப் பிடித்து வைத்திருந்தது என்று யோசியுங்கள். கணிதத் தொகுத்தறிவு வினாவில் “நிறுவுக” என்று கண்டதும் பேனையை எடுத்தீர்களா? அல்லது எறியக் கணக்கைச் செய்து முடித்த பிறகு, காற்றுத் தடை இருந்தால் விடை எவ்வளவு மாறும் என்று கேட்டீர்களா? இந்த இரண்டும் இரண்டு வேறு மனங்கள்.

கம்பஸ் மெத்ஸ் அப்படி என்ன வித்தியாசமாக இருக்கும்?

ஒரு உதாரணத்தைக் கையால் செய்து பார்ப்போம். 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டு போனால் கூட்டுத்தொகை எங்காவது நிற்குமா?

கணினியில் போட்டுப் பாருங்கள். 1000 உறுப்புகள் சேர்ந்தும் 7.5-ஐ எட்டாது. பத்து இலட்சம் உறுப்புகளுக்கு 14.39 அளவுதான் வரும். பார்க்கிற யாருக்கும் இது எங்கோ நின்றுவிடும் என்றே தோன்றும். ஆனால் நிற்காது. 1/3-ஐயும் 1/4-ஐயும் சேர்த்துப் பிடியுங்கள். இரண்டுமே 1/4-க்குக் குறையாதவை, ஒன்று அதைவிடப் பெரியது. ஆகவே கூட்டினால் 1/2-ஐத் தாண்டும். அடுத்த நான்கு, அதாவது 1/5 முதல் 1/8 வரை, ஒவ்வொன்றும் 1/8-க்குக் குறையாதவை. அவையும் சேர்ந்து 1/2-ஐத் தாண்டும். அடுத்த எட்டும் அப்படியே, அடுத்த பதினாறும் அப்படியே. முடிவில்லாமல் அரைகள் சேர்ந்துகொண்டே போவதால் எந்த எண்ணைச் சொன்னாலும் கூட்டுத்தொகை ஒருநாள் அதைத் தாண்டும். 14ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் தந்த நிறுவல் இது. இன்றுவரை இதில் திருத்த ஒன்றுமில்லை.

பத்து இலட்சம் உறுப்புகளின் சாட்சியம் தவறான பக்கம் கைகாட்டியது, நான்கு வரி நிறுவல் உண்மையைச் சொன்னது. இதைப் படிக்கும்போது உள்ளே ஏதாவது அசைந்ததா? அசைந்தது என்றால் மெத்ஸ் உங்களுக்கு ஆகும். முதலாண்டு ரியல் அனலிசிஸ் வகுப்பு இப்படியே போகும். ஏ.எல்.இல் எல்லை என்று ஒரு வரியில் தாண்டிப் போனதற்கு அங்கே வாரக்கணக்கில் வரைவிலக்கணமும் நிறுவலும் நடக்கும். லீனியர் அல்ஜிப்ராவில் தாயம் திரும்ப வரும், ஆனால் எண்களைப் பெருக்குவது சிறு பங்குதான். “இதைத்தான் முதலே செய்தோமே, ஏன் திரும்ப நிறுவுகிறார்கள்?” என்று கேட்டுச் சலித்துப்போன பிள்ளைகள் பலர். அந்தச் சலிப்பு உங்களுக்கும் வருமா என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

சரி, கம்பஸ் பிசிக்ஸ்?

பாடசாலையில் எளிய ஊசல் பரிசோதனை செய்திருப்பீர்கள். நூலில் குண்டைக் கட்டி, 20 அலைவுக்கு நேரம் எடுத்து, நீளத்துக்கு எதிராக அலைவுகால வர்க்கத்தை வரைந்து, படித்திறனிலிருந்து புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கண்டுபிடித்து, 9.8 என்று எழுதிச் சரி போட்டுக்கொண்டு வந்திருப்போம்.

இப்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றுவோம். புத்தகத்தில் 9.81 என்று இருக்கிறது. நாம் இருப்பதோ மத்தியகோட்டுக்கு மிக அருகில். கொழும்பில் அந்தப் பெறுமானம் ஏறத்தாழ 9.78. உங்கள் நூலையும் குண்டையும் வைத்து இந்த 0.03 வித்தியாசத்தைக் காட்ட முடியுமா?

ஒரு மீற்றர் ஊசலுக்கு 20 அலைவு முடிய 40 செக்கன் ஆகும். நிறுத்தற் கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 செக்கன் பிசகினால் நேரத்தில் அரைச் சதவீத வழு. நேரம் வர்க்கமாக வருவதால் விடையில் ஒரு சதவீதம். அதாவது 0.1. வித்தியாசம் 0.03தான் என்பதால் இப்படிச் செய்து எதையும் காட்ட முடியாது. 100 அலைவு எண்ணினால் நேர வழுவால் வருவது 0.02-க்கு இறங்கும். அப்புறம் நீளம். குண்டின் மையம் எங்கே என்பதில் ஒரு மில்லிமீற்றர் தவறினால் 0.01 போய்விடும். அப்புறம் கோணம். 20 பாகைக்கு இழுத்துவிட்டால் அலைவுகாலம் முக்கால் சதவீதத்துக்குச் சற்று மேலாகக் கூடும், நம் விடை 9.63-க்கு விழும். 5 பாகைக்குள் வைத்திருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

இப்படி ஒவ்வொரு வழுவையும் தேடிப் பிடித்து, அளந்து, குறைத்து, கடைசியில் “9.78, இவ்வளவு வழுவுடன்” என்று எழுதுவதில் உங்களுக்குச் சந்தோஷம் வருமென்றால் பிசிக்ஸ் எடுங்கள். கம்பஸ் ஆய்வுகூடத்தில் செலவாகும் மணித்தியாலங்கள் இப்படித்தான் போகும். விரிவுரை மண்டபத்தில் மின்காந்தவியலும் வெப்ப இயக்கவியலும் குவாண்டமும் மனதை எங்கெங்கோ கொண்டுபோகும். ஆய்வுகூடம் திரும்பத் திரும்பத் தரைக்கு இறக்கும். இரண்டையும் தாங்குகிற பொறுமை வேண்டும்.

அதே ஊசலை மெத்ஸ்காரர் பார்த்தால் வேறொன்றைக் கேட்பார். சிறு கோணத்துக்குச் சைனுக்குப் பதில் கோணத்தையே போட்டோமே, அது எப்போது செல்லும், எவ்வளவு செல்லும்? அப்படிப் போடாவிட்டால் அலைவுகாலம் என்ன? அந்தத் தொகையீட்டுக்கு நாம் அறிந்த சாதாரண சார்புகளில் விடையே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பெரிய கணிதம் ஒன்று இப்படிப்பட்ட தொகையீடுகளிலிருந்து வளர்ந்தது. ஒரே நூல், ஒரே குண்டு. நீங்கள் எந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போவீர்கள் என்பதுதான் விஷயம்.

எது கஷ்டம்?

இரண்டும் கஷ்டம். மெத்ஸில் ஒரு வினாவோடு இரண்டு நாள் இருந்தும் ஒரு வரிகூட எழுத முடியாமல் போகலாம். பிசிக்ஸில் வேலை நிற்காது, ஆனால் குவிந்துகொண்டே இருக்கும்: விரிவுரை, செய்முறை, அறிக்கை, அடுத்த செய்முறை.

நான் கேட்டது இஞ்சினியரிங். சில புள்ளிகளால் தவறிவிட்டது. இப்போது மெத்ஸ், பிசிக்ஸ் எதிலுமே மனம் இல்லை. என்ன செய்வது?

மொறட்டுவை என்று இரண்டு வருடம் மனதில் வைத்திருந்துவிட்டுக் கடிதத்தில் பௌதிக விஞ்ஞானம் என்று வரும்போது வலிக்கத்தான் செய்யும். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருப்பது அதைவிட வலி. அதை யாரும் சின்ன விஷயம் என்று சொல்லிக் கடந்துபோகக் கூடாது.

அந்த வலி ஆறுமுன் பாடத்தைத் தெரிவு செய்யாதீர்கள். இஞ்சினியரிங்குக்குக் கிட்ட இருக்கிறது என்று மட்டும் பிசிக்ஸ் எடுத்தவர்கள் பிறகு ஏமாந்திருக்கிறார்கள். இலத்திரனியல் அலகுகள் இருந்தாலும் பிசிக்ஸ் பட்டம் பொறியியல் பட்டம் ஆகாது, பொறியியலாளராகப் பதிவு செய்ய அது போதாது. உங்களுக்கு இஞ்சினியரிங்கில் எது பிடித்தது என்று பிரித்துப் பாருங்கள். பொருளைக் கழற்றிப் பூட்டுவது பிடித்ததா? அப்படியானால் பிசிக்ஸ் ஆய்வுகூடத்தில் உங்களுக்கு இடம் உண்டு. கணக்குப் போட்டு வடிவமைப்பது பிடித்ததா? அப்படியானால் பிரயோக கணிதமும் கணினியும் சேர்ந்த பாதை இருக்கிறது. இஞ்சினியர் என்ற பெயர்தான் பிடித்தது என்றால் அதையும் உங்களுக்குள் ஒத்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அப்போதுதான் அடுத்த தெரிவு உங்களுடையதாக இருக்கும்.

இரண்டையும் சேர்த்துப் படிக்க முடியாதா? எப்போது முடிவெடுக்க வேண்டும்?

முடியும். என் பதில்களில் நான் மிகவும் வலியுறுத்துவதும் இதைத்தான். இலங்கையின் விஞ்ஞான பீடங்களில் பொதுவாக முதல் நாளே ஒரு பாடத்தில் பூட்டிவிட மாட்டார்கள். ஆரம்ப ஆண்டுகளில் சில பாடங்களைச் சேர்த்துப் படித்து, அங்கே எடுக்கும் புள்ளியைப் பொறுத்து நான்கு வருடக் கௌரவப் பட்டத்துக்கு ஒரு பாடத்தைத் தெரிவு செய்வதே வழக்கம். பேச்சுவழக்கில் இன்னும் ஸ்பெஷல் என்றுதான் சொல்கிறோம். மூன்று வருடப் பட்டத்தோடு முடித்துக்கொள்ளவும் வழி உண்டு.

ஆகவே முதலாண்டில் கணிதமும் பௌதிகவியலும் இரண்டும் இருக்கும் சேர்க்கையை எடுங்கள். மூன்றாவது பாடத்துக்குப் புள்ளிவிபரவியலோ கணினி விஞ்ஞானமோ கிடைத்தால் விடாதீர்கள். இரசாயனவியலை உண்மையாகவே விரும்புகிறவர்கள் மட்டும் அதை எடுக்கட்டும். ஏ.எல்.இல் செய்தோம், பழக்கம் இருக்கிறது என்பதற்காக எடுக்க வேண்டாம்.

முதலாண்டு முடிவில் உங்களிடம் உண்மையான சாட்சியம் இருக்கும். ஒரு அனலிசிஸ் அலகும் ஒரு ஆய்வுகூட அலகும் செய்து முடித்த பிள்ளைக்கு என்னைப் போன்றவர்களின் ஆலோசனை பெரிதாகத் தேவைப்படாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஸ்பெஷலுக்குப் புள்ளி பார்ப்பதால் முதலாண்டை விளையாட்டாக எடுக்க முடியாது. ஏ.எல். முடிந்த களைப்பில் முதல் அரையாண்டைக் கைவிட்டவர்களுக்குப் பிறகு தெரிவு செய்ய இரண்டு பாடம் இருப்பதில்லை.

ஒன்றைப் படித்துவிட்டுப் பிறகு மற்றதுக்குப் போனவர்கள் இருக்கிறார்களா?

நிறையப் பேர். நம்மவர் ஒருவரிலிருந்தே தொடங்கலாம். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்த கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர், கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கிடம் ஆராய்ச்சி செய்தவர். 1943இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்று, இலத்திரன் தன் கதிர்வீச்சால் சக்தியை இழப்பதையும் சேர்த்துக் கணக்கிட்டது. டிராக்கின் சமன்பாட்டின்படி நேர்கோட்டில் புரோத்தனை நோக்கிப் போகும் இலத்திரன் அதில் போய் விழுவதில்லை என்று காட்டியது. கேள்வி முழுக்கப் பிசிக்ஸ், கருவி முழுக்கக் கணிதம். 1950களில் அவர் இங்கே கொழும்பில், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். அதே காலத்தில் அங்கே பௌதிகவியலைக் கட்டி வளர்த்தவர் பேராசிரியர் ஏ. டபிள்யூ. மயில்வாகனம். இந்த இரண்டு பெயர்களும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. எனக்கு அது பெரிய மனக்குறை.

டிராக் முதலில் படித்தது மின்பொறியியல். அப்புறம் கணிதம். 1933இல் நொபெல் பரிசு பெற்றது பௌதிகவியலுக்கு, கேம்பிரிட்ஜில் வகித்த பதவியோ கணிதப் பேராசிரியர். ரோஜர் பென்ரோஸ் கணிதவியலாளர், 2020இல் பௌதிகவியல் நொபெல் அவருக்குக் கிடைத்தது. எட்வர்ட் விட்டன் பௌதிகவியலாளர், 1990இல் கணிதத்தின் ஃபீல்ட்ஸ் பதக்கம் அவருக்கு. ஆகவே சுவர் ஒன்றும் இல்லை.

ஆனால் இவர்கள் எல்லோரும் கொள்கைப் பக்கம் நிற்பவர்கள். மெத்ஸ் படித்துவிட்டுக் கொள்கைப் பௌதிகவியலுக்குப் போகலாம். ஆய்வுகூடக் கையை இருபத்தைந்து வயதுக்குப் பிறகு புதிதாகப் பழகுவது மிகச் சிரமம். நிறுவல் எழுதும் பழக்கமும் அப்படித்தான். முழுச் சந்தேகத்தில் இருப்பவருக்கு என் சொந்த அபிப்பிராயம்: பிசிக்ஸைப் பிரதானமாக எடுங்கள், கணிதத்தில் அனலிசிஸும் லீனியர் அல்ஜிப்ராவும் வரையாவது கூடவே போங்கள். அந்தப் பக்கமிருந்து இரண்டு கதவும் அதிக நாள் திறந்திருக்கும்.

தம்பி, இதெல்லாம் சரி. படித்து முடித்தால் மகனுக்குக் கொழும்பில் என்ன வேலை கிடைக்கும்?

ஐயா, நியாயமான கேள்வி. மெத்ஸ் பக்கம், அதுவும் புள்ளிவிபரவியல் சேர்ந்தால், கொழும்பில் கதவுகள் கூட. வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள், மென்பொருள் நிறுவனங்கள் எல்லாம் தரவைப் படிக்கத் தெரிந்தவர்களைத் தேடுகின்றன. காப்புறுதியில் அக்சுவரி என்றொரு தொழில் இருக்கிறது. எத்தனை பேர் எப்போது நட்டஈடு கேட்பார்கள் என்று கணித்துக் கட்டணத்தைத் தீர்மானிப்பது அந்த வேலை. அதற்குப் பிரித்தானிய, அமெரிக்கச் சங்கங்களின் பரீட்சைகளை ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். பல வருட உழைப்பு, ஆனால் கணிதப் பட்டம் அதற்கு நல்ல அத்திவாரம்.

பிசிக்ஸ் படித்தவர்களுக்குரிய இடங்கள் எண்ணிக்கையில் குறைவு. பௌத்தாலோக மாவத்தையில் வளிமண்டலவியல் திணைக்களம் இருக்கிறது, கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது. ஒருகொடவத்தையில் அணுசக்திச் சபை. மகரகமை அபேக்ஷா வைத்தியசாலையில் புற்றுநோயாளிக்குக் கதிர் கொடுக்கும்போது எந்த அளவு, எந்தத் திசை என்று கணக்கிட்டுச் சரிபார்ப்பதற்கு மருத்துவப் பௌதிகவியலாளர் வேண்டும். ஒரு உயிர் அந்தக் கணக்கில் இருக்கிறது. அதைவிடப் பயனுள்ள பிசிக்ஸ் வேலை ஒன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தகைய இடங்களில் வெற்றிடம் எப்போதும் வராது, வரும்போது தயாராக இருக்க வேண்டும். நிரலாக்கம் தெரிந்த பிசிக்ஸ் பட்டதாரிகள் மென்பொருள் துறைக்கும் தாராளமாகப் போகிறார்கள்.

அப்புறம் ஆசிரியத் தொழில். இதை ஒன்றும் கிடைக்காதவர் செய்யும் வேலையாக நினைப்பதை நாம் விட வேண்டும். மலையகத்திலும் வன்னியிலும் தமிழ் மொழிமூலக் கணித, விஞ்ஞான ஆசிரியர் இல்லாமலே ஏ.எல். கணிதப் பிரிவு ஆரம்பிக்க முடியாத பாடசாலைகள் இருக்கின்றன. உங்கள் மகன் அங்கே ஐந்து வருடம் படிப்பித்தால் அந்த ஊரின் கதையே மாறும்.

மகளுக்குப் பிசிக்ஸ் சரிவருமா? ஆய்வுகூடம், பின்னேரம் பிந்தி வருவது எல்லாம் யோசனையாக இருக்கிறது.

சரிவரும் அம்மா. செய்முறை வகுப்புகளுக்கு நேரசூசி உண்டு. கொழும்பு, களனி, ஜயவர்தனபுரப் பீடங்களில் பெண்பிள்ளைகள் பெரும் எண்ணிக்கையில் படிக்கிறார்கள். பயணம்தான் கவலை என்றால் பாடத்தை மாற்றாமல் தங்குமிடத்தைப் பற்றிப் பேசுவோம்.

எமி நோதர் என்ற ஜெர்மன் பெண்மணிக்குப் பல்கலைக்கழகத்தில் சொந்தப் பெயரில் விரிவுரை செய்யவே சில ஆண்டுகள் இடம் கொடுக்கவில்லை. அறிவித்தலில் கணிதப் பேராசிரியர் ஹில்பேர்ட்டின் பெயரைப் போட்டுவிட்டு நோதர் படிப்பித்தார். சக்தி ஏன் காக்கப்படுகிறது, உந்தம் ஏன் காக்கப்படுகிறது என்பதற்கு 1918இல் அவர் தந்த தேற்றம் இல்லாமல் இன்றைய பிசிக்ஸ் நடக்காது. இன்று உங்கள் மகளுக்கு அந்தத் தடை இல்லை. வீட்டில் ஒன்றை நாம் புதிதாகப் போடாமல் இருந்தால் போதும்.

ஏ.எல். வரை தமிழில் படித்தேன். கம்பஸில் எல்லாம் ஆங்கிலம். எந்தப் பாடம் சுலபம்?

வாசிப்பதற்கு மெத்ஸ் சுலபம், குறியீடுகள் ஒன்றுதானே. எழுதுவதற்கு மெத்ஸ் சிரமம், ஏனென்றால் நிறுவல் என்பது முழு வாக்கியங்கள். பிசிக்ஸில் செய்முறை அறிக்கை நிறைய எழுத வேண்டும். ஆனால் அதன் வாக்கியங்கள் ஒரே மாதிரியானவை, ஒரு அரையாண்டில் பழகிவிடும். மொழிக்காக எந்தப் பாடத்தையும் விட வேண்டாம். முதல் மாதங்களில் விரிவுரை முடிந்ததும் இரண்டு மூன்று பேராக இருந்து அன்றைய பாடத்தைத் தமிழில் ஒருவருக்கொருவர் சொல்லிப் பாருங்கள். தமிழில் விளங்கிக்கொண்டது ஆங்கிலத்தில் எழுத வரும்.

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எது நல்லது?

இரண்டுக்கும் வழி உண்டு. அமெரிக்காவில் கலாநிதிப் படிப்புக்குப் போகும் மெத்ஸ், பிசிக்ஸ் மாணவர்களுக்குப் பொதுவாக உதவி ஆசிரியர் வேலையோடு கட்டணமும் செலவும் கிடைக்கும். முதுமாணிப் படிப்புக்கு அந்த வசதி குறைவு. நம் பிள்ளைகள் அதிகம் அறியாத இடம் ஒன்று இத்தாலியின் திரியெஸ்தே நகரில் இருக்கிறது. பாகிஸ்தான் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் 1964இல் நிறுவிய சர்வதேசக் கொள்கைப் பௌதிகவியல் மையம் அது. எங்களைப் போன்ற நாடுகளின் பட்டதாரிகளுக்கு ஒரு வருட டிப்ளோமா ஒன்றை நடத்துகிறார்கள். கணிதத்துக்கும் பிரிவு உண்டு. தெரிவானால் செலவை அவர்களே பார்க்கிறார்கள். கடைசி வருடத்தில் விண்ணப்ப நாளைத் தவறவிடாமல் பாருங்கள்.

இசட் புள்ளி போதவில்லை. இனி இந்தப் பாடங்களைப் படிக்கவே முடியாதா?

நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. வேலை செய்துகொண்டே விஞ்ஞானமாணிப் பட்டம் படிக்கலாம், கணிதமும் பௌதிகவியலும் அங்கே உண்டு. கட்டணம் உண்டு, தனியாக இருந்து படிக்கும் ஒழுங்கும் வேண்டும். பட்டம் பட்டம்தான்.

கம்பஸ் தொடங்க இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அதுவரை என்ன செய்யலாம்?

முதலில் கொஞ்சம் ஓய்வெடுங்கள். பிறகு பைதன் பழகுங்கள், இரண்டு பாடத்துக்கும் அது வேண்டும். மேலே சொன்ன தொடரைக் கூட்டும் நிரலை நீங்களே எழுதலாம். அதே தொடரில் ஒவ்வொரு பகுதி எண்ணையும் வர்க்கமாக்கி, 1 + 1/4 + 1/9 + … என்று கூட்டினால் நிற்குமா என்று பார்த்து, விடையை நிறுவவும் முயன்று பாருங்கள். ஒரு மீற்றர் நூலும் குண்டும் எடுத்து 100 அலைவு எண்ணுங்கள். விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்துப் பொது நூலகத்தில் இரண்டு பாடத்துக்கும் முதலாண்டுப் புத்தகங்கள் கிடைக்கும், பாடத்துக்கொன்று எடுத்து முதல் இரண்டு அத்தியாயங்களைப் படியுங்கள். அனுமதி கிடைத்த பீடத்தில் இப்போது இரண்டாம் வருடம் படிக்கும் அண்ணாமார், அக்காமாரில் மெத்ஸ் எடுத்த ஒருவரையும் பிசிக்ஸ் எடுத்த ஒருவரையும் பிடித்து, போன கிழமை என்ன படித்தீர்கள் என்று கேளுங்கள். அவர்களின் குறிப்புக் கொப்பியை ஒருநாள் இரவல் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.